85 சதவீதம் நிரம்பினால் மெய்நிகர் வட்டு தானாகப் பெரிதாகும்படி ஸ்கிரிப்ட் எழுதலாமா?

இரவுப்பணி:

வணக்கம். எங்களிடம் இஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரின் ஹைப்பர்வைசர், அதாவது ஒரே சர்வரில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்) போட்ட ஒன்பது சர்வர்கள், அவற்றின்மேல் ஏறத்தாழ 300 மெய்நிகர் இயந்திரங்கள் ஓடுகின்றன. மூன்றில் இரண்டு பங்கு லினக்ஸ், மீதி விண்டோஸ். பார்த்துக்கொள்ள மூன்று பேர். நாள்தோறும் வரும் கோரிக்கைகளில் பாதி ஒரே வாசகம்தான்: "வட்டு நிரம்பிவிட்டது, 50 கிகாபைட் கூட்டித் தரவும்." ஒருவருக்குக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார்.

விஎம்வேரைக் கட்டளைகளால் இயக்கும் பவர்சிஎல்ஐயில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கியிருக்கிறேன். 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும். இயந்திரத்துக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸ் தரும் கணக்கைப் பார்க்கும். ஏதாவது ஒரு வட்டு 85 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் 20 சதவீதம் கூட்டும். பிறகு இயந்திரத்துக்குள் நுழைந்து பார்டிஷனையும் (வட்டைப் பிரித்த பகுதி) கோப்பு முறைமையையும் விரிக்கும். இன்னொரு வேலையும் அதனிடமே கொடுக்கப்போகிறேன். வாரம் ஒரு முறை, எந்த இயந்திரத்தோடும் இணையாமல் கிடக்கிற விஎம்டிகே (மெய்நிகர் வட்டு) கோப்புகளைத் தேடி அழிக்க வேண்டும். பாதி எழுதியாகிவிட்டது. எங்கே இடறும் என்று சொல்லுங்கள்.

குமிழ்:

முதல் பாதி சரி. அழிக்கிற பகுதியை இப்போதே தூக்கிவிடுங்கள்.

கருந்திரை:

முதல் பாதியும் அவ்வளவு சரியில்லை, குமிழ்.

வட்டைப் பெரிதாக்குவது ஒரே வரி. செட்-ஹார்டுடிஸ்க் என்று எழுதி அளவைக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் அது ஹைப்பர்வைசர் பக்கம் மட்டும். உள்ளே இருக்கும் லினக்ஸ் கெர்னல் வட்டின் புதிய அளவைத் தானாகக் கவனிக்காது, மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். அடுத்து பார்டிஷனை குரோபார்ட் கொண்டு நீட்ட வேண்டும். அதற்கு மேல் எல்விஎம் (வட்டு இடத்தை நெகிழ்வாகப் பங்கிடும் லினக்ஸ் அடுக்கு) இருந்தால் பிவிரீசைஸ், பிறகு எல்விஎக்ஸ்டெண்ட். கடைசியில் கோப்பு முறைமை. ஐந்து படிகள். ஐந்தில் எதுவும் தோற்கலாம்.

இப்போது உங்கள் ஸ்கிரிப்ட்டை நினைத்துப் பாருங்கள். முதல் படி வெற்றி, மூன்றாம் படியில் தோல்வி. கோப்பு முறைமையின் அளவு மாறவில்லை, ஆகவே பயன்பாடு இன்னும் 86 சதவீதம்தான். 15 நிமிடம் கழித்து ஸ்கிரிப்ட் மறுபடி வருகிறது, 86 என்று பார்க்கிறது, இன்னொரு 20 சதவீதம் கூட்டுகிறது. 100 கிகாபைட் வட்டு ஒரு மணி நேரத்தில் 207 ஆகும். மூன்று மணி நேரத்தில் 890 கிகாபைட்டைத் தாண்டும். நீங்கள் காலையில் எழுந்து வரும்போது டேட்டாஸ்டோர் (வட்டுக் கோப்புகள் எல்லாம் கிடக்கும் பொதுச் சேமிப்பகம்) என்ன நிலையில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. திக் வகை வட்டாக (முழு இடத்தையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்வது) இருந்தால் அந்த இடம் முழுவதும் உண்மையாகவே போயிருக்கும்.

"20 சதவீதம் கூட்டு" என்பது ஆணையாகவே இருக்கக் கூடாது. "இந்த வட்டு 120 கிகாபைட்டாக இருக்க வேண்டும்" என்று இலக்கை எங்காவது எழுதி வையுங்கள். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு படியிலும் இருப்பதையும் இலக்கையும் ஒப்பிட்டு, குறைந்திருக்கிற படியை மட்டும் செய்ய வேண்டும். எத்தனை முறை ஓடினாலும் முடிவு ஒன்றாக இருக்கும். பாதியில் நின்றாலும் அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இன்னொன்று. தரவு வட்டுகளில் பார்டிஷன் எதற்கு? முழு வட்டையும் அப்படியே எல்விஎம்முக்குக் கொடுத்துவிட்டால் குரோபார்ட் என்ற படியே தேவையில்லை. பழைய இயந்திரங்களை விடுங்கள், புதியவற்றையாவது இப்படி அமையுங்கள்.

ஸ்னாப்ஷாட் (இயந்திரத்தின் அந்த நேர நிலையின் பதிவு) இருக்கும்போது வட்டின் அளவை மாற்ற முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் பேக்கப் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு இரவில் ஓடுகிறது என்றால், அந்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டுக்குப் பிழைச் செய்தி மட்டும்தான் கிடைக்கும். அதைத் தோல்வி என்று எண்ணி நள்ளிரவில் உங்களை எழுப்பாமல், காத்திருந்து மறுபடி முயலச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

அந்த 890 கிகாபைட் கணக்கைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. மாற்றிவிடுகிறேன்.

எந்த வட்டு எது என்பதற்கு எளிய வழி வைத்திருக்கிறேன். விசென்டரில் (எல்லா சர்வர்களையும் நிர்வகிக்கும் விஎம்வேர் மென்பொருள்) "ஹார்டு டிஸ்க் 1" என்றால் உள்ளே லினக்ஸில் எஸ்டிஏ, "ஹார்டு டிஸ்க் 2" என்றால் எஸ்டிபி. இதுவரை சோதித்த பத்து இயந்திரங்களிலும் ஒத்துப்போனது.

பழைய நிர்வாகி:

பதினோராவதில் ஒத்துப்போகாது தம்பி. நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு தரவுத்தள இயந்திரம். ஒரே அளவில் நான்கு வட்டுகள், நான்கும் 200 கிகாபைட். இரண்டு கண்ட்ரோலர்களில் (வட்டுகளை இயந்திரத்தோடு இணைக்கும் மெய்நிகர் அட்டைகள்) பிரித்து இணைத்திருந்தோம். மூன்றாவதைப் பெரிதாக்கச் சொன்னார்கள். நான் "ஹார்டு டிஸ்க் 3" என்பதைத் தேர்ந்தெடுத்து 400 ஆக்கினேன். உள்ளே போய்ப் பார்த்தால் பெரிதானது பதிவுக் கோப்புகளுக்கான வட்டு. திரும்பச் சுருக்கலாம் என்று பார்த்தால், விஎம்டிகேயைச் சுருக்க வழி இல்லை. தெரியாமல் அதன் மேல் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையையும் விரித்திருந்தேன் என்றால் அதையும் சுருக்க முடியாது. புதிய வட்டு இணைத்து, தரவை நகர்த்தி, பழையதைக் கழற்றி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. என் நல்ல காலம், வேலை "பெரிதாக்கு" என்பதாக இருந்தது. "கழற்றி அழி" என்று கேட்டிருந்தால் இன்று வேறு தொழில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஹார்டு டிஸ்க் 3" என்பது திரையில் காட்டுவதற்கான பெயர். எஸ்டிசி என்பது கெர்னல் வட்டுகளைக் கண்டெடுத்த வரிசை. அடுத்த முறை இயந்திரம் ஏறும்போது அந்த வரிசை மாறலாம். இரண்டையும் முடிச்சுப் போட்டுவைக்க யாரும் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

சரியான வழி: ஒவ்வொரு இயந்திரத்தின் அமைப்பிலும் டிஸ்க்.எனேபிள்யுயுஐடி என்பதை ட்ரூ என்று வையுங்கள். அப்போது விஎம்டிகேயின் யுயுஐடி (ஒவ்வொரு வட்டுக்கும் உரிய தனி அடையாள எண்), வட்டின் வரிசை எண்ணாக உள்ளே தெரியும். விண்டோஸில் கெட்-டிஸ்க் காட்டும் சீரியல் நம்பரும் அதுவே, இடையில் உள்ள கோடுகள் மட்டும் இருக்காது. லினக்ஸில் பை-ஐடி கோப்பகத்தில் பார்க்கலாம். வெளியே ஒரு எண், உள்ளே அதே எண். ஒத்தால் மட்டும் கை வையுங்கள், ஒத்துப்போகாவிட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். ஊகிக்கக் கூடாது.

அமைப்பை மாற்றினால் போதாது, இயந்திரம் முழுவதும் நிறுத்தப்பட்டு மீண்டும் ஏற வேண்டும். அதுவரை கண்ட்ரோலர் எண்ணும் யூனிட் எண்ணும் கொண்டு பொருத்திப் பார்க்கலாம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமான எஸ்சிஎஸ்ஐ கண்ட்ரோலரில் 7ஆம் எண் கண்ட்ரோலருக்கே உரியது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் எட்டாவது வட்டு 8ஆம் எண்ணில் உட்காரும். வரிசையாக எண்ணிக்கொண்டே போகிற ஸ்கிரிப்ட் அங்கே ஒரு வட்டு தள்ளிப் போய்விடும்.

நூலாம்படை:

எங்களுடையது லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம், அதை நிர்வகிக்க லிப்விர்ட். சிக்கல் அதேதான், பெயர் வேறு. எங்களிடம் வட்டுக்கு நாமே ஒரு வரிசை எண்ணை எக்ஸ்எம்எல்லில் எழுதிவிட முடியும், அது உள்ளே பை-ஐடியில் தெரியும். புத்திசாலித்தனமாக முழு யுயுஐடியையும் அதில் எழுதினேன். விர்ட்டியோ-பிளாக் வகை வட்டில் வரிசை எண்ணுக்கு 20 எழுத்துகள்தான் இடம். 36 எழுத்து யுயுஐடி நடுவில் வெட்டுப்பட்டது. என் ஸ்கிரிப்ட் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு வட்டுகூட ஒத்துப்போகவில்லை என்று அரை நாள் புலம்பியது. இப்போது குறுகிய பெயர்கள்தான் வைக்கிறோம்.

கேவிஎம் பக்கம் வருபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் கோப்பை கியூஇஎம்யு-இமேஜ் கட்டளை கொண்டு தொடாதீர்கள், வட்டு கெட்டுவிடும். கியூஇஎம்யு 2.10 பதிப்பிலிருந்து கோப்புக்குப் பூட்டு வந்துவிட்டது, இப்போது அதுவே மறுத்துவிடும். அப்போதும் பூட்டை மீறும் தேர்வைப் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடும்போது செய்ய விர்ஷில் பிளாக்ரீசைஸ் என்றே ஒரு கட்டளை இருக்கிறது. இரண்டாவது, ஓடும்போது இணைக்கிற வட்டை நிலையான அமைப்பிலும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி ஏற்றும்போது வட்டு காணாமல் போயிருக்கும். கோப்பு பத்திரமாக அங்கேயேதான் கிடக்கும், ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு அது தோன்றாது.

குமிழ்:

அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. தானாக ஏன் பெரிதாக வேண்டும்? யாரோ ஒருவர் பிழைத்திருத்தப் பதிவை இயக்கிவிட்டு மறந்து போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு கிகாபைட் எழுதுகிறது. ஸ்கிரிப்ட் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். வட்டு நிரம்புவது என்பது ஒரு செய்தி. செய்தி கொண்டுவருபவரின் வாயைக் கட்டிவிடுகிறீர்கள்.

இரவுப்பணி:

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற கோரிக்கைகளை நாங்கள் மூவரும் படித்துப் பார்த்தா கொடுக்கிறோம்? 50 கேட்டால் 50. ஏன் என்று யாரும் கேட்பதில்லை, கேட்க நேரமும் இல்லை. மனிதன் நடுவில் இருந்தும் பதிவுக் கோப்புக்குத் தீனி போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஸ்கிரிப்ட் அதையே கொஞ்சம் வேகமாகச் செய்யும், அவ்வளவுதான்.

குமிழ்:

அந்த வேகம்தானே வித்தியாசம். நீங்கள் ஒரு நாளில் கொடுப்பதை அது ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிடும்.

பழைய நிர்வாகி:

இருவர் சொல்வதும் சரி. ஆனால் இரண்டிலும் விடுபட்டது ஒன்று: இடம் எங்கிருந்து வருகிறது?

தின் வட்டுகள் (எழுத எழுத மட்டும் இடம் எடுப்பவை) வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 10 டெராபைட் டேட்டாஸ்டோரில் 17 டெராபைட்டுக்கு வாக்குக் கொடுத்திருப்பீர்கள். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அது ஓடுகிறது. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் அந்த 17, 18 ஆகிறது, 19 ஆகிறது. தனி இயந்திரத்தின் வட்டு நிரம்பினால் அந்த ஓர் இயந்திரம் முனகும். டேட்டாஸ்டோர் நிரம்பினால், புதிய தொகுதி கேட்கிற ஒவ்வொரு தின் இயந்திரமும் எழுத வந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கப்படும். விசென்டரில் ஒரு கேள்வி வந்து நிற்கும், நீங்கள் இடம் பண்ணிக்கொடுத்துப் பதில் சொல்லும்வரை அது நகராது. கேவிஎம்மிலும் இடமில்லை என்ற பிழை வந்தால் இயந்திரம் இடைநிறுத்தப்படுவதே வழக்கம். ஓர் இயந்திரத்தைக் காப்பாற்றப் போய் நாற்பதைப் படுக்க வைப்பது எங்கள் அலுவலகத்தில் நடந்திருக்கிறது.

நிறுத்திய இயந்திரங்களை ஏற்றும்போதும் டேட்டாஸ்டோரில் ஸ்வாப் கோப்புக்கு (நினைவகத்துக்கு மாற்றாக ஒதுக்கும் கோப்பு) இடம் வேண்டும். நினைவகத்தில் முன்பதிவு செய்தது போக மீதி முழுவதும் அந்தக் கோப்பின் அளவு. ஆக, நிரம்பி வழிகிற டேட்டாஸ்டோரில் 64 கிகாபைட் நினைவகம் கொண்ட இயந்திரத்தை முன்பதிவு இல்லாமல் நிறுத்திவிட்டால், மறுபடி ஏற்றுவதே போராட்டம்.

ஆகவே ஸ்கிரிப்ட் வட்டைத் தொடுவதற்கு முன் டேட்டாஸ்டோரைப் பார்க்கட்டும். உண்மையில் மீதமுள்ள இடம், கொடுத்துள்ள வாக்கு, இரண்டையும். இரண்டில் எது எல்லை தாண்டியிருந்தாலும் கை கட்டி நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். ஓர் இயந்திரத்துக்கு ஒரு நாளில் ஒரு முறைதான் என்று வையுங்கள். இரண்டாம் முறை கேட்டால் அது குமிழ் சொன்ன பதிவுக் கோப்புதான், பந்தயம் கட்டுகிறேன்.

உள்ளே அழித்த இடம் டேட்டாஸ்டோருக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். லினக்ஸில் காலி இடத்தைத் தெரிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் வாராந்தரம் ஓட வேண்டும். டேட்டாஸ்டோரின் கோப்பு முறைமையான விஎம்எஃப்எஸ் 6, அடியில் உள்ள சேமிப்பகத்துக்கு இடத்தைத் தானாகத் திருப்பிக் கொடுக்கும். 5இல் கையால் கட்டளை கொடுக்க வேண்டும். பெரிதாக்கும் ஸ்கிரிப்ட் எழுதுகிற யாரும் இந்தப் பாதியை எழுதுவதில்லை. வாங்கக் கற்றுக்கொடுக்கிறோம், திருப்பிக் கொடுக்கக் கற்றுக்கொடுப்பதில்லை.

சன்னல்காரன்:

விண்டோஸ் பக்கத்துக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன். சி டிரைவை நீட்டப் போனால் பல இயந்திரங்களில் முடியாது. சி-க்குப் பின்னால் மீட்புப் பார்டிஷன் உட்கார்ந்திருக்கும், வட்டின் கடைசியில் சேர்ந்த புதிய இடம் சி-யை ஒட்டி இருக்காது. ரீசைஸ்-பார்டிஷன் கொடுக்கும் முன் எவ்வளவு நீட்ட முடியும் என்று அதனிடமே கேட்டுவிடுங்கள், அதற்கும் கட்டளை இருக்கிறது. பழைய எம்பிஆர் வகைப் பார்டிஷன் அட்டவணை கொண்ட வட்டு என்றால் 2 டெராபைட்டில் முட்டி நிற்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை வழக்கமான 4 கிலோபைட் கிளஸ்டர் அளவில் வடிவமைக்கப்பட்டிருந்தால் 16 டெராபைட்தான் எல்லை. விஎம்டிகே 62 டெராபைட் வரை போகிறதே என்று நம்பிப் போகாதீர்கள்.

கருந்திரை:

இப்போது அழிக்கும் பகுதி. குமிழ் ஒரே வரியில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்களிடம் நடந்தது இது.

எந்த இயந்திரத்தோடும் இணையாத விஎம்டிகேக்களைத் தேடும் ஸ்கிரிப்ட் எங்களிடமும் இருந்தது. கெட்-விஎம் கொண்டு எல்லா இயந்திரங்களையும் எடுத்து, அவற்றின் வட்டுகளைப் பட்டியலிட்டு, டேட்டாஸ்டோரில் இருக்கிற கோப்புகளிலிருந்து கழிக்கும். மிச்சமிருப்பது அனாதை. கேட்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். முதல் ஓட்டத்திலேயே டெம்ப்ளேட்டுகளின் (புதிய இயந்திரங்களை உருவாக்கும் அச்சுகள்) வட்டுகள் பட்டியலில் வந்தன. டெம்ப்ளேட்டுகளை கெட்-விஎம் தராது, அவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். அதை யாரோ கவனித்ததால் தப்பித்தோம். திருத்தினோம். இனி எல்லாம் சரி என்று தானாக ஓடவிட்டோம்.

எங்கள் குபர்னெடிஸ் (கன்டெய்னர்களை ஓட்டும் தளம்) அணி அதே டேட்டாஸ்டோரில் தங்கள் நிலையான வால்யூம்களை வைத்திருந்தது. அவை எஃப்சிடி என்று ஒரு கோப்பகத்தில், இயந்திரம் எதையும் சாராமல் தனியாக நிற்கும் வட்டுகள். பாட் (அவர்கள் ஓட்டும் கன்டெய்னர் தொகுப்பு) ஓடும்போது மட்டும் ஏதாவது ஓர் இயந்திரத்தோடு இணையும். அந்த வாரம் அவர்கள் ஒரு சோதனைச் சேவையைப் பராமரிப்புக்காகப் பூஜ்யம் பாட்களுக்கு இறக்கி வைத்திருந்தார்கள். வட்டு யாரோடும் இணையவில்லை. எங்கள் ஸ்கிரிப்ட் தன் கடமையைச் செய்தது. பேக்கப்பிலிருந்து மீட்டுவிட்டோம், ஒரு நாள் தரவு போனது. ஸ்கிரிப்ட்டில் ஒரு வரிகூடப் பிழையில்லை. "இணையாதது எல்லாம் வேண்டாதது" என்று நாங்கள் நினைத்ததுதான் பிழை.

இன்னும் இருக்கிறது. ஒரே டேட்டாஸ்டோரை இரண்டு விசென்டர்கள் பார்த்தால், அடுத்த விசென்டரின் இயந்திரங்கள் எல்லாமே உங்கள் கண்ணுக்கு அனாதைகள். ஓடுகிற இயந்திரம் என்றால் கோப்பின் பூட்டு காப்பாற்றும். நிறுத்தி வைத்திருந்தால் அதுவும் இல்லை. லிங்க்டு குளோனின் தாய் வட்டு, ஸ்னாப்ஷாட் சங்கிலியின் நடுவில் இருக்கும் வட்டு, பேக்கப் ப்ராக்ஸி தற்காலிகமாக இணைத்துவிட்டு அவிழ்க்க மறந்த வட்டு, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கதை உண்டு.

இப்போது நாங்கள் செய்வது: பட்டியல் மட்டும் தானாக வரும். அதில் ஒருவர் பெயர் போட்டு ஒப்புதல் கொடுத்தால், கோப்பு அதே டேட்டாஸ்டோரில் தனிக் கோப்பகத்துக்கு நகரும். 30 நாள் அங்கே கிடக்கும். யாராவது அலறினால் திருப்பி வைக்கிறோம்.

அனாதைகள் எங்கே பிறக்கின்றன என்றும் தேடுங்கள். ரிமூவ்-ஹார்டுடிஸ்க் கட்டளை, நிரந்தரமாக அழி என்று கேட்காவிட்டால், வட்டை இயந்திரத்திலிருந்து கழற்றுவதோடு சரி. கோப்பு அப்படியே இருக்கும். அது நல்ல இயல்புதான். ஆனால் கழற்றும்போதே யார், எதற்கு, எப்போது வரை என்று எழுதி வைத்தால் பின்னால் துப்பறிய வேண்டியதில்லை.

நூலாம்படை:

டெராஃபார்ம் (சர்வர் அமைப்பை நிரலாக எழுதி உருவாக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. நிரலில் 100 என்று இருக்கும், இரவுப்பணியின் ஸ்கிரிப்ட் 140 ஆக்கியிருக்கும். அடுத்த முறை டெராஃபார்ம் ஓடும்போது வட்டைச் சுருக்கப் பார்த்து, சுருக்க முடியாது என்று பிழை கொடுத்து நிற்கும். நல்ல வேளை, நிற்கிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஆகாது. அதே கருவியில் வட்டுக்கான பகுதியை நிரலிலிருந்து எடுத்துவிட்டால் வட்டையே அழித்துவிடும், வைத்திரு என்று தனியாகச் சொல்லியிருந்தால் மட்டும் கழற்றி வைக்கும். தெரியாமல் வரி நீக்கியவர்கள் என்னையும் சேர்த்து நிறைய.

இரவுப்பணி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், இழையைத் தொங்கலில் விட்டுவிட்டேன்.

டெராஃபார்ம் எங்களிடம் இல்லை, ஆகவே இலக்கு அளவுகள் ஒரு யாமெல் உரைக் கோப்பில், கிட் பதிப்புக் களஞ்சியத்தில் இருக்கின்றன. ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பை மாற்றும், இன்னொரு வேலை கோப்பைப் படித்து வட்டை மாற்றும். முதல் இரண்டு வாரம் எதையும் தொடாமல் "செய்திருப்பேன்" என்று எழுதுவதற்கு மட்டும் விட்டேன். 61 முறை பெரிதாக்கியிருக்கும். அதில் 23 முறை இரண்டே இயந்திரங்கள். ஒன்றில் பழைய தரவுத்தள ஏற்றுமதிகளை யாரும் அழிப்பதில்லை, மற்றதில் குமிழ் சொன்ன அதே பிழைத்திருத்தப் பதிவு, எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. குமிழுக்கு என் வணக்கம். கோரிக்கையாக வந்தபோது இந்த இரண்டுக்கும் நாங்களே எத்தனை முறை இடம் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

மூன்றாவது வாரம் உண்மையாக ஓடவிட்டேன். 17 முறை பெரிதாக்கியது, நான்கு முறை ஸ்னாப்ஷாட் இருந்ததால் காத்திருந்து பிறகு செய்தது, ஒரு முறை டேட்டாஸ்டோர் எல்லையைச் சொல்லி நின்றது. அனாதைப் பட்டியலில் 14 கோப்புகள். ஐந்து டெம்ப்ளேட்டுகள், இரண்டு யாருடையது என்றே தெரியவில்லை. அந்த இரண்டும் 30 நாள் கோப்பகத்தில் இருக்கின்றன.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஓர் இயந்திரத்தில் இடமில்லை என்று புகார், ஸ்கிரிப்ட்டோ 40 சதவீதம்தான் என்கிறது.

சன்னல்காரன்:

கோப்பு முறைமை இஎக்ஸ்டி4 தானே? ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவிடம்) தீர்ந்திருக்கும். டிஎஃப் கட்டளையில் ஐ தேர்வைப் போட்டுப் பாருங்கள். லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகள் எங்காவது குவிந்திருக்கும்.

இரவுப்பணி:

அதேதான். அமர்வுக் கோப்புகள். நன்றி.

இன்னும் யுயுஐடி அமைப்பு நடைமுறைக்கு வராத 41 இயந்திரங்கள் இருக்கின்றன. உள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது என்கிறீர்கள். 41 பேரிடம் நிறுத்தி ஏற்ற அனுமதி வாங்குவதை நினைத்தாலே சோர்வாக இருக்கிறது.

பழைய நிர்வாகி:

விஎம்எக்ஸ்.ரீபூட்.பவர்சைக்கிள் என்று ஒரு மேம்பட்ட அமைப்பு இருக்கிறது. அதை ட்ரூ என்று வைத்துவிட்டால், அடுத்த முறை உள்ளிருந்து ரீபூட் செய்யும்போது ஹைப்பர்வைசர் இயந்திரத்தை முழுவதும் நிறுத்தி ஏற்றும். முடிந்ததும் அமைப்பு தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மாதாந்தரத் திருத்தங்களுக்கு எப்படியும் ரீபூட் ஆகப்போகிறதே, அதற்கு முந்தைய நாள் 41இலும் போட்டு வையுங்கள். தனியாக அனுமதி கேட்க வேண்டாம்.

இரவுப்பணி:

போட்டுவிட்டேன். 38 முடிந்தது. மீதி மூன்றும் ரீபூட்டே ஆகாத இயந்திரங்கள், ஒன்று 900 நாளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றை ஸ்கிரிப்ட் தொடாதபடி விலக்கி வைத்திருக்கிறேன்.